நாற்பத்து மூன்றாம் சதுரம்

கரியாலூர்
9.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

மதியம் இரண்டு ஐம்பதுக்குத்தான் எனக்குச் செய்தி வந்தது. நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை.

காரியத்தன்று பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், "இன்னா மணிக்குங்க உங்களுக்குத் தெரியும்?" என்று. நான் வாயால் சொன்னால் உங்கள் காதுக்கு எட்டாது என்று செல்வியின் சித்தப்பா ஒரு நோட்டையும் பென்சிலையும் என் கையில் திணித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். எழுதவில்லை. அதற்குள் யாரோ படையலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து இப்போது எழுதுகிறேன்.

அன்று நான் சென்னை ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். போன் சத்தமில்லாமல் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு அழைப்புகள். எங்களோடு மலையில் கயிறு பிடித்து வேலை செய்கிற கொளஞ்சியப்பன், கடைசியில் செல்வியின் பையில் இருந்த கார்டைப் பார்த்து ஆபீஸ் நம்பருக்கு அடித்திருக்கிறார். ரிசப்ஷனில் இருக்கிற பெண் வந்து சொன்னபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் செல்வியின் உயிர் போனது ஒன்று முப்பத்தைந்துக்கு. நடுவில் இருந்த ஒண்ணேகால் மணி நேரமும் நான் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உண்ணிக் காய்ச்சல். முழங்காலுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. புதருக்குள் உட்கார்ந்து செடி எண்ணுகிறவர்களுக்கு வரும். சாதாரண மாத்திரைதான். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் போதும் என்றார். அவள் தங்கியிருந்த சேங்கொல்லையிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. மூங்கிலில் போர்வையைக் கட்டி இரண்டரை மணி நேரம் தூக்கி வந்திருக்கிறார்கள்.

நான் மறுபடி மலைக்கே வந்துவிட்டேன். செடி எண்ணும் வேலையில் இன்னும் மூன்று சதுரம் மீதி இருக்கிறது. ஆபீசில் லீவு கொடுத்தார்கள். வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அத்தை. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இங்கே நடக்கவாவது இடம் இருக்கிறது. காலையில் நடக்கிறேன், சாயங்காலம் நடக்கிறேன், நடுவிலும் நடக்கிறேன்.

உங்கள் காது மிஷினுக்கு பேட்டரி வாங்கி அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
சிவசங்கர்

*

ரிஷிவந்தியம்
15.12.2024

மாப்ளைக்கு அத்த கமலா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களானு கேக்கல, அது எனக்கே தெரியும்.

காயிதம் வெள்ளிக்கெழம வந்துச்சி. தபால்காரரு ஆச்சரியமா பாக்குறாரு, இந்தக் காலத்துல யாரும்மா உனக்கு காயிதம் போட்றதுன்னு. என் மாப்ளதான், செவுட்டு மாமியாருக்கு போன் பண்ணி இன்னா பிரயோஜனம்னு சொன்னேன். பேட்டரி வேணாம். அந்த மிஷின மாட்னா ஊரு பேசுற வம்பு பூரா கேக்குது, நமக்கு வேண்டியது மட்டும் கேக்கமாட்டேங்குது. டப்பாவுல போட்டு மூடிட்டேன். நான் இருவத்தெட்டு வருசம் சத்துணவுல புள்ளைங்களோட கத்திக் கத்தி ஆக்கிப் போட்டவ. எழுத்தும் எனக்குப் பேசுற மாரிதான் வரும், கோச்சிக்காதீங்க.

ரெண்டு அம்பதுன்னு எழுதி இருந்தீங்க. நாலு வாட்டி படிச்சேன். உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சும் வரலியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பந்தல்ல நீங்க எழுதாம நின்னதும் அது ஜாஸ்தியா போச்சி. என் புத்தி அப்பிடி. மன்னிச்சிக்குங்க.

மூணு வேள நடக்கறேன்னு எழுதி இருக்கீங்க. ஒரு வேள சாப்ட்டேன்னு எழுதல. பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பஸ்ல கண்டக்டரு கிட்ட குடுத்து அனுப்பி இருக்கேன். வாங்கி வச்சிட்டு நடக்கப் போயிடாதீங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த ஊருக்கு ரோடு எப்ப வரும்? நாங்க எழுதிக் குடுத்தாத்தாம்மா ரோடுன்னு செல்வி சொல்லிக்கினே இருக்கும். அப்பன்னா அது எம் பொண்ணு எழுதுன ரோடு. இப்பல்லாம் எனக்கு வேற நெனப்பே இல்ல. மொத வண்டி அந்த ஊருக்கு ஏறச்சொல்ல நான் அதுல குந்திக்கினு போவணும். அஞ்சு கிலோமீட்டரு எம்மா நேரம் ஆவுது, பத்து நிமிஷம் ஆவுமா, அத என் கண்ணால பாக்கணும். அதுக்குதான் உசுர வச்சிக்கினு இருக்கேன்.

அத்த
கமலா

*

கரியாலூர்
22.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

பருப்புப் பொடி வந்தது. சாப்பிட்டேன்.

ரோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன். செல்வி உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள்.

ஒரு கம்பெனி மலை உச்சியில் பெரிய ஓட்டல் கட்டப் போகிறது. அதற்கு நாற்பதடி ரோடு. போகிற வழியில்தான் சேங்கொல்லை. அங்கே இயற்கையாக என்ன வளர்கிறது, அழிந்துகொண்டிருக்கிற செடி ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுத எங்கள் ஆபீசைக் கேட்டார்கள். முழு மலையையும் எண்ண முடியாது. அதனால் கம்ப்யூட்டர் வரைபடத்தின் மேல் நூற்றிருபது புள்ளிகளைத் தன் இஷ்டத்துக்குத் தூவும். ஒவ்வொரு புள்ளியிலும் போய்ப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணி ஃபாரத்தில் எழுத வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான். புள்ளி விழுந்த இடத்தில்தான் கயிறு விழ வேண்டும். முள்ளாக இருக்கலாம், பாறையாக இருக்கலாம். நமக்குப் பிடித்த இடத்துக்கு நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. கல்லூரியில் முதல் வருடம் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே செல்விதான். நான் அன்று வகுப்புக்கு மட்டம்.

சனிக்கிழமை அவள் ஃபாரங்களையும் அவள் கையில் வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாம் நடக்கும் வழியை அது தானாகவே பதிந்துகொள்ளும். நாற்பத்து மூன்றாம் சதுரம். புள்ளி இருக்கும் இடத்தில் செல்வி ஆறு நிமிடம் நின்றிருக்கிறாள். பிறகு முப்பத்திரண்டு மீட்டர் கீழே இறங்கி, அங்கே சதுரம் சுற்றி நடந்திருக்கிறாள். ஃபாரத்தில் புள்ளியிலேயே போட்டதாக எழுதியிருக்கிறாள். ஆவாரை, சூரை, புல். கீழே அவள் கையெழுத்து.

கொளஞ்சியப்பனைக் கேட்டேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு சொன்னார்:

"மேல பூரா மாகாளிக்கெழங்கு கொடி சார். பாறை இடுக்குல எல்லாம் அதான். அக்கா நின்னு பாத்துச்சி. அப்பறம், கயித்தக் கீழ போடுண்ணேன்னு சொல்லிச்சி. நான் இன்னாக்கா, புள்ளி மேல கீதேன்னேன். போடுண்ணேன்னுச்சி. அதுக்கு மொத நாளுதான் சேங்கொல்ல ஆயம்மா மருமவளத் தூக்கிக்கினு எறங்கனோம். பிரசவ வலி எடுத்துக்கிச்சி. அக்காவும் மூங்கில ஒரு பக்கம் புடிச்சிக்கினு வந்துச்சி. பாதி வழியிலயே கொழந்த போயிடுச்சி."

மாகாளிக்கிழங்கு உலக அளவில் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ரோடு வரும் கோட்டின் மேலேயே அது இருப்பதாக எழுதினால் கம்பெனி ரோட்டை மாற்ற வேண்டும். மாற்ற மாட்டார்கள், வேறு மலைக்குப் போய்விடுவார்கள் என்கிறார் என் மேலதிகாரி வெங்கடேசன். ஊருக்கென்று தனியாக ரோடு போடும் பேச்சு எதுவும் இல்லை.

அவள் ஃபாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கருவியில் பாதை பதியாமல் நிறுத்தி வைக்கச் செல்விக்குத் தெரியும். அவள் நிறுத்தவில்லை. இதையே நினைத்துக்கொண்டு நடக்கிறேன்.

இப்படிக்கு,
சிவசங்கர்

*

ரிஷிவந்தியம்
27.12.2024

மாப்ளைக்கு,

உங்க காயிதத்தப் படிச்சிட்டு அடுப்புல வச்ச பால மறந்துட்டேன். பொங்கி வழிஞ்சி தீஞ்சும் போச்சி. இன்னொருத்தியா இருந்தா சத்தம் கேட்டிருக்கும்.

நான் கேக்கறேன். மாகாளியா? மாகாளிக்கெழங்கா? செவ்வாக்கெழம சந்தையில மலைக்காரங்க கூறு கட்டி விக்கிறாங்களே, அதா? மோருல ஊறப்போட்டு ஊறுகா வச்சா வூடே மூட்டப்பூச்சி நாத்தம் நாறுமே, அதா? நான் வருசா வருசம் ஒரு ஜாடி போட்டவ. உங்க கல்யாணத்துக்கு வந்த உங்க பெரியம்மா மூக்கப் புடிச்சிக்கினு எழுந்து போனாங்களே, மறந்துட்டீங்களா? அந்தக் கெழங்குக்காக ரோடு நிக்கணும், புள்ளத்தாச்சி போர்வையில தொங்கிக்கினு போவணும். நல்லா இருக்குது சட்டம்.

எம் பொண்ணு சட்டம் தெரியாதவ இல்ல. நீங்களே எழுதி இருக்கீங்க, உங்களுக்கே அவதான் சொல்லிக் குடுத்தான்னு. தெரிஞ்சிதான் கயித்தக் கீழ போட்டா. செத்த கொழந்தயக் கையில பாத்துட்டு வந்து போட்டா. அது தப்பு இல்ல, அது அவ எடுத்த முடிவு. அவ முடிவ மாத்த நீங்க யாரு? புருசன்தான். இருந்துட்டுப் போங்க. அவ உசுரோட இருந்தா மாத்தி இருப்பீங்களா? அவ எதிர்ல நின்னு பேசிப் பாருங்க பாக்கலாம்.

கருவியில நிறுத்தலன்னு அதுல ஒரு அர்த்தம் கண்டுபுடிக்கிறீங்க. மறந்திருப்பா. பள்ளிக்கூடம் போச்சொல்ல தெனமும் டிபன் டப்பாவ மறந்துட்டுப் போனவதான் அவ.

கையெழுத்து போடுங்க மாப்ள. ஒரு கையெழுத்து. அவளோட கடசி வேல அது. அதுமேல கோடு போட்டு அடிச்சிடாதீங்க. காலுல வுழணும்னா காயிதத்துலயே வுழறேன்.

அத்த
கமலா

ஊறுகா ஜாடி ஒண்ணு இன்னும் பரண் மேல இருக்குது. போன வருசம் அவளும் நானும் போட்டது. தெறக்கல.

*

கரியாலூர்
5.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

வியாழக்கிழமை கொளஞ்சியப்பனோடு சேங்கொல்லைக்குப் போனேன். நாற்பத்து மூன்றாம் புள்ளியில், அது விழுந்த இடத்திலேயே கயிறு போட்டேன். உங்களிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இன்னும் ஆபீசுக்கு அனுப்பவில்லை.

ஆயம்மாளும் அவர் மருமகள் சந்தியாவும் கேழ்வரகுக் கொல்லையில் இருந்தார்கள். ஆயம்மாள் என்னைப் பார்த்ததும் களைக்கொட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சாரு, மறுபடியும் கயிறா? எண்ண எண்ண செடி குட்டி போடுதா?"

என்னால் சுற்றிவளைத்துப் பேச முடியவில்லை. மேலே மாகாளி இருக்கிறது, எழுதினால் ரோடு வராமல் போகலாம், செல்வி அதை எழுதாமல் விட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி, இம்மாந்தானா? நாளைக்கே நாங்க தோண்டி எடுத்துட்டுப் போறோம். இல்லாத கெழங்க எப்பிடி எழுதுவ?"

"எடு," என்றார் கொளஞ்சியப்பன். "எடுத்து எதுல போய் விப்ப? சந்தைக்கு நடந்துதான போவ?"

"நீ வாய மூடு. ஒனக்குக் கூலி குடுக்குறாங்க, நீ பேசுவ."

சந்தியா அதுவரை குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். செல்வியைவிட ஆறேழு வயது சின்னவள் இருப்பாள். நிமிராமலே சொன்னாள்: "அந்த அக்கா எங்கிட்டயும் சொல்லுச்சிங்க. ரோடு வந்துரும் சந்தியா, நான் பாத்துக்கறேன்னு. அப்பறம் அதுவும் அதே போர்வையிலதான் போச்சி." அப்புறம் வேறு பக்கம் நகர்ந்து களை எடுக்கப் போய்விட்டாள்.

சதுரத்துக்குள் முப்பத்தெட்டு கொடிகள். இரண்டு முறை எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன், வேறு எதுவும் செய்யத் தோன்றாததால். ஒரு இலைக் காம்பைக் கிள்ளினேன், பால் வந்தது. செல்வி நின்ற ஆறு நிமிடமும் நானும் அங்கே நின்றேன். எனக்கு எதுவும் வரவில்லை, அத்தை. அழுகை வரும் என்று நினைத்தேன். கண் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தது.

இனி எழுதப் போவதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மடிக்க முடியாது. அடுத்தவர் ஃபாரத்தில் தப்பு கண்டுபிடிக்கிறவன் தன் ஃபாரத்தையும் காட்ட வேண்டும்.

உங்களுக்கு மணி சொன்னேன். இரண்டு ஐம்பது. அது உண்மை. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை என்று பந்தலிலேயே எனக்குத் தெரியும்.

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை காலை செல்வி எனக்குப் போன் செய்தாள். சிக்னல் கிடைக்கிற பாறை வரை ஏறி வந்து பேசினாள். மூச்சு வாங்கியது. "சங்கர், மூணு நாளா ஜுரம் அடிக்குது, தலை பொளக்குது, இன்னும் நாலு சதுரம் இருக்கு, நான் எறங்கிடட்டுமா?" என்றாள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வெங்கடேசன் சார் என்னைக் கூப்பிட்டு, பதினைந்தாம் தேதிக்குள் எல்லாச் சதுரமும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். சரி சார் என்று சொல்லியிருந்தேன். அதனால் செல்வியிடம், "நாலுதானே, பாராசிட்டமால் போட்டுக்கிட்டு முடிச்சிட்டே இறங்கிடு" என்றேன். "சரி" என்றாள். கோபம் எதுவும் இல்லை. "நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

புதர்க்காட்டு வேலையில் ஜுரம் வந்தால் உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் பயிற்சி முகாமில் பாடமாக எடுத்திருக்கிறேன். அவளிடம் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதிக்கும் பதினாலாம் தேதிக்கும் நடுவில் ஐந்து நாள். டாக்டர் கேட்டது நாலு.

இப்படிக்கு,
சிவசங்கர்

*

ரிஷிவந்தியம்
11.1.2025

சங்கரு,

மணி சொன்ன. நாள் சொல்லல.

மாப்ளன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். கை வரல. நீங்கன்னு எழுதவும் வரல.

காயிதம் வந்து மூணு நாள் ஆவுது. மொத நாளு உன்ன வஞ்சி நாலு பக்கம் எழுதனேன். கிழிச்சிட்டேன். ரெண்டாம் நாளு, நீ சாப்ட்டியான்னு அவ கேட்டத மட்டும் படிச்சிக்கினு இருந்தேன். மூணாம் நாளு எழுதறேன்.

ஜுரத்தோட இருக்கறவள எறங்கி வான்னு சொல்ல வாய் வரலியா? ஒரு வார்த்த. வான்னு ஒரு வார்த்த. அவ எனக்குப் போன் பண்ணமாட்டா, எனக்குக் கேக்காது. உனக்குக் கேட்டுச்சே. காது நல்லா இருக்கறவன் நீதானே.

இதுல நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பேரம்னு வச்சிக்கோ. ஒம்பதாந்தேதி நீ சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நானும் மறந்துடறேன். என்னால முடியும், பாதி ஒலகத்தக் கேக்காமத்தான் இருக்கேன். இந்த வருசம் பொங்க கெடயாது, இருந்தாலும் நீ வா. எல போட்டு சோறு போடறேன். புள்ளயா இருந்துக்கோ, எனக்கு வேற யாரு இருக்காங்க.

அந்தப் பேப்பர மட்டும் அவ எழுதுன மாரியே வுட்டுடு. நீ அவளக் காப்பாத்தல. அவ எழுதுனதயாவது காப்பாத்து.

மாத்திட்டன்னா இந்த வூட்டுப் படி ஏறாத.

கமலா

*

கரியாலூர்
20.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கலன்று கள்ளக்குறிச்சி வரை வந்தேன். ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். பஸ் கிளம்புவதற்கு முன் இறங்கிவிட்டேன். ஃபாரத்தை என்ன செய்யப் போகிறேன் என்று முடிவு செய்யாமல் உங்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது ஏமாற்று வேலை. பஸ் ஸ்டாண்டை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. ஒரு டீக்கடைக்காரர், "இன்னா சார், எதையாவது தொலச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

நீங்கள் கொடுத்ததைவிடப் பெரிய மன்னிப்பு எனக்கு இனி யாரும் தரப் போவதில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். நாலு நாள் ஆசைப்பட்டேன்.

போன வியாழக்கிழமை கடைசியாக ஒரு முறை அந்தச் சதுரத்துக்குப் போனேன். முப்பத்தெட்டு இருந்த இடத்தில் இருபத்தேழுதான் இருந்தது. பதினோரு குழி. ஆயம்மாள் சொன்னபடியே செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏனோ நிம்மதியாகக்கூட இருந்தது, வேலை என் கையை விட்டுப் போய்விட்டது என்று. கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டார். "அட நீங்க ஒண்ணு சார். செவ்வாக்கெழம சந்தை. பொங்கலுக்கு கையில காசு வேணாமா? வழக்கமா எடுக்கறதுதான்." வேரோடு பிடுங்கவில்லை, பாதிக் கிழங்கை விட்டுத்தான் எடுத்திருந்தார்கள். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எடுக்கிறார்கள், விடுகிறார்கள், இருபத்தேழு இருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது, அத்தை. அந்த ஒன்றையும் விட்டுவிட்டால், ஒன்பதாம் தேதி போனில் பேசியவன் மட்டும்தான் மிச்சம் இருப்பான்.

செல்வியின் ஃபாரத்தின் மேல் கோடு போடவில்லை. ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அதை அப்படியே வைத்து, அதன் கீழே என் பெயரில், மாகாளிக் கொடிகளின் எண்ணிக்கையோடு, இன்னொரு ஃபாரம் வைத்தேன். சதுரம் முப்பத்திரண்டு மீட்டர் கீழே போடப்பட்டது என்று எழுதினேன். ஏன் என்ற இடத்தில், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று எழுதினேன். அந்த ஃபாரத்தில் ஏன் என்பதற்கு ஒன்றரை வரிதான் இடம். ஓரத்திலும் எழுதினேன்.

தனியாக ஒரு பக்கம் இணைத்தேன். சேங்கொல்லைக்கு இப்போதிருக்கிற ஒற்றையடிப் பாதையையே பத்தடி அகலமாக்கினால் ஆம்புலன்ஸ் ஏறும், அந்தப் பாதையில் ஒரு மாகாளிக் கொடிகூடக் கிடையாது, நானே முழுக்க நடந்து பார்த்தேன் என்று. அந்தப் பாதையில் தூக்கி வந்து இழந்த இருவரின் பெயர்களையும் போட்டேன். சந்தியாவின் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை, அதனால் சந்தியா குழந்தை என்றும், செந்தமிழ்ச்செல்வி என்றும். அதன் நகலை இன்று கலெக்டர் ஆபீசிலும் கொடுத்து முத்திரை வாங்கினேன். அங்கே இருந்தவர், "ஓட்டல் வரலன்னா ரோட்டுக்கு யாரு சார் காசு போடறது?" என்றார். அந்த ரோடு வரும் என்று உங்களுக்கு நான் எழுதினால் அது பொய். வராமலே போகலாம். நீங்கள் ஏறிப் போக ஆசைப்பட்ட வண்டியை நான்தான் நிறுத்தியிருக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

படி ஏற வேண்டாம் என்று சொன்னீர்கள். ஏற மாட்டேன். ஆனால் மாதா மாதம் எழுதுவேன். கிழிப்பதானால் கிழித்துவிடுங்கள், தபால்காரரிடம் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். ஒன்பதாம் தேதி விஷயத்தை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை. சித்தப்பாவிடமும் மற்றவர்களிடமும் நானே எழுதிச் சொல்லிவிட்டேன். இனி உங்களை யாராவது "மாப்ள எங்க?" என்று கேட்டால் பதில் தேட வேண்டியிருக்காது.

இப்போது சேங்கொல்லைக்குக் கிளம்புகிறேன். அனுப்பியாகிவிட்டது என்று ஆயம்மாளிடமும் சந்தியாவிடமும் நேரில் சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. களைக்கொட்டால் அடிப்பார்கள் என்று கொளஞ்சியப்பன் சொல்கிறார். அடிக்கட்டும். கூட வர மாட்டேன் என்றும் சொன்னார், ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

வெங்கடேசன் சார் காலையிலிருந்து பதினான்கு முறை கூப்பிட்டுவிட்டார். ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறார்: "ஷங்கர், நூற்றிருபதில் ஒன்று. பழைய ஃபாரமே சரி என்று ஒரு வார்த்தை சொல், ஐந்து மணிக்குள் மாற்றிவிடலாம்." அவர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்த மாட்டார். அவர் குரலைக் கேட்டால் நான் சரி சார் என்றுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

மணி மூன்று ஐந்து. போனை அணைத்துவிட்டேன்.

உங்கள்,
சிவசங்கர்